ஓரத்தைப் பிடி

மே 4, ஞாயிறு

இன்று அக்கா கார்ச் சாவியை என் கையில் தந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாவியைக் கும்பிடப் போறியோ? ஏறடி" என்றாள்.

எழுத்துச் சோதனை போன வருடமே பாஸ். இனி ரோட்டில் கார் ஓடிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. வேறு ஊரில், பீற்றர்பரோவில், ஒரு வேலை எனக்காகக் காத்திருக்கிறது. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. காரைக் கொம்பனி தரும், லைசன்ஸை நான் கொண்டுபோக வேண்டும். செப்டம்பர் முடியுமட்டும் இடத்தை வைத்திருப்பதாக மனேஜர் சொல்லியிருக்கிறார். லைசன்ஸ், வேலை, ஒரு சின்ன அறை. அந்த அறைக் கதவை என் சாவியால் நானே திறக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

கோப்பிக்கடைச் சந்தியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். கனடாவில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. அதனால் இடம் திரும்புவதுதான் வில்லங்கம், எதிரே வருகிறவர்களைக் கடந்து போக வேண்டும். போதாததற்கு, திரும்பி நுழைகிற ரோட்டில் எங்களுக்கு இரண்டு லேன். ஒன்று நடு மஞ்சள் கோட்டை ஒட்டியது. மற்றது நடைபாதைப் பக்கம், ஓரமாக. எதற்குள் போகிறது என்று கேட்டேன்.

"ஓரத்தைப் பிடி. ஊரில ஸ்கூட்டி ஓடினனியெல்லே, இடப்பக்கம் திரும்பேக்க ஓரத்தாலதானே போவாய். அதே மாதிரித்தான். நடுக்கோட்டுக்குக் கிட்டப் போனா எதிர வாறவன் இடிப்பான்."

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஸ்கூட்டி ஓடின உடம்பு இது. இடம் என்றால் ஓரம், அது எலும்பிலேயே இருக்கிறது. கார் பெரிதாக வளைந்து ஓர லேனில் போய் விழுந்தது.

"பாத்தியே, உனக்கு வரும்" என்றாள் அக்கா.

பின்னேரம் முழுக்கச் சந்தோசமாக இருந்தேன். புட்டு அவித்தேன். அக்காவின் மகள் ஆரணி இரண்டு கோப்பை சாப்பிட்டாள்.

மே 18, ஞாயிறு

இன்றும் ஓடினோம். கோப்பிக்கடைச் சந்தியில் ஓரத்தைப் பிடித்தபோது, எனக்கு எதிர்ப்பக்கம் இருந்து வலம் திரும்பி வந்த ஒருவன் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினான். அவனும் அந்த ஓர லேனுக்குள்தான் வந்தான். அவனுக்கு என்ன அவசரமோ, அறுவான். நான் கண்ணாடியை இறக்கித் தமிழில் நல்லாகக் கொடுத்தேன். அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"அவனுகள் அப்பிடித்தான். நீ உன்ர பாட்டில ஓடு."

குமுதினி அக்காவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். கலியாணம் கட்டிக் கனடா வந்து ஒரு வருடத்தில் அந்த மனுசன் என்னை வெளியே விட்டபோது, நள்ளிரவென்றும் பாராமல் காரை எடுத்துக்கொண்டு வந்தது அக்காதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறேன். சமையல், ஆரணி, இப்போது அவள் தம்பி, கைக்குழந்தை கவின். இதெல்லாம் ஒரு வேலையா? குமுதினி அக்கா எனக்குச் செய்ததற்கு இதெல்லாம் காணாது.

ஜூன் 12, வியாழன்

ஃபெயில்.

சோதனைக்காரி வெள்ளைக்காரி, கண்ணாடி போட்டவள். போகும்போது நல்லாகத்தான் சிரித்தாள். இரண்டாவது சந்தியில் நான் இடம் திரும்பினதும் சிரிப்பு நின்றுவிட்டது. முடிந்ததும் கையை வளைத்து வளைத்து ஏதோ விளங்கப்படுத்தினாள். என் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. மெதுவாகப் பேசினால் இங்கிலிஷ் விளங்கும் எனக்கு. அழுகை வரும்போது தமிழே விளங்காது.

"அக்கா, நீங்கள் என்னவெண்டு கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். அக்கா அவளுடன் கொஞ்ச நேரம் கதைத்தாள், தலையாட்டினாள், நன்றி சொன்னாள். பிறகு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"நீ பயந்து பயந்து ஓடுறியாம். சந்தியில கனக்க யோசிக்கிறியாம். வேறொண்டுமில்லை."

வீட்டுக்கு நான் ஓடி வரும் வழியில் அக்கா பாட்டுப் போட்டாள். எனக்காகத்தான், மனதைத் தேற்ற.

ஜூன் 13, வெள்ளி

பருப்புக்கு உப்பு இரண்டு முறை போட்டேன். எல்லாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

கனடா தினம், லீவு. மாலையில் வாணவேடிக்கை, கவின் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அக்காவுக்குப் பதவி உயர்வு. செப்டம்பரில் இருந்து கிழமையில் ஐந்து நாளும் ஒஃபீஸ் போக வேண்டும். கேக் வெட்டினோம். அத்தான் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப பிள்ளையளுக்குக் காப்பகத்தில பெயர் குடுக்க வேணுமெல்லே? வதனி செப்டம்பரோட போயிடுவா" என்றார், என்னைக் காட்டி.

"பாப்பம்" என்றாள் அக்கா. கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

பயந்து ஓடுகிறேனாம் என்பதால் இப்போது வேகமாகத் திரும்பப் பழகுகிறேன். சந்தியில் யோசிக்கவே இல்லை. பச்சை விழுந்து, எதிரே வருகிறவன் போனதும் ஒரே இழுவை, ஓர லேன். அக்கா நல்லது என்கிறாள்.

இரவுச் சாப்பாட்டில் அத்தான் ஒரு யோசனை சொன்னார். வடக்கே ஒரு சின்ன ஊரில் போய்ச் சோதனை கொடுத்தால் சுகமாம். அங்கே போக வர ஒவ்வொரு லேன்தான். எங்கள் சனத்தில் பாதிப் பேர் அங்கே போய்த்தான் லைசன்ஸ் எடுத்தார்களாம்.

"அங்க எந்த லேனுக்குள்ள போறதெண்ட பிரச்சினையே இல்லை, கண்டீரோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வேண்டாம். அங்க எடுத்துப்போட்டு இஞ்ச ஓடிப் பேந்து இடிபடுறதோ? எடுத்தா முறையா எடுக்கட்டும்."

அத்தான் அதற்குப் பிறகு தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். அக்கா எதிலும் குறுக்கு வழி பார்க்கமாட்டாள், எங்கள் அம்மாவும் அப்படியே.

ஆகஸ்ட் 7, வியாழன்

திரும்பவும் ஃபெயில்.

இந்த முறை ஒரு ஆம்பிளை. அவன் சொன்னதில் இரண்டு சொல் எனக்கு வடிவாக விளங்கியது. பிழையான லேன். அதை இரண்டு தரம் சொன்னான். அக்கா போய்க் கதைத்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

"என்னக்கா, லேன் பிழையெண்டு சொல்லுறான்?"

"நீ லேன் மாறேக்க தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கேல்லையாம். அதைத்தான் சொல்லுறான்."

பார்த்தேனே. கழுத்து நோகுமளவுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தேனே. அவன் கண்ணென்ன, புண்ணா? எனக்கு வந்த ஆத்திரத்தில் காரின் கதவை அடித்துச் சாத்தினேன். அது அக்காவின் கார். பிறகு அதற்கும் சேர்த்து அழுதேன்.

இரவு அத்தான் குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தார். போகும்போது ஒரு விசிட்டிங் கார்டைத் தேயிலைப் போத்தலுக்குக் கீழே வைத்தார். ஜெனிற்றா, கார் பழக்குபவர்.

"ஒருக்கா வெளியில ஆரிட்டையும் ஓடிப் பாரும்" என்றார், குரலைத் தணித்து.

"ஏன் அத்தான், அக்கா நல்லாத்தானே பழக்கிறா."

அவர் தண்ணீர்க் கிளாசைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டார். கார்டை என் அலுமாரிக்குள் போட்டேன். அக்கா இருக்க வெளியாளிடம் போனால் அவள் மனம் நோகும்.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா எனக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வந்திருக்கிறாள். அடிப்பாகம் மெல்லியது, பிரேக்கை மிதிக்கச் சுகமாக இருக்குமாம். என் பழையதைத் தானே எடுத்துக் குப்பையில் போட்டாள். இப்படி ஒரு அக்கா ஆருக்குக் கிடைக்கும்.

அடுத்த சோதனைக்கு அக்காதான் கொம்பியூட்டரில் திகதி பார்த்தாள். செப்டம்பரில் இடமே இல்லையாம். கிடைத்தது ஒக்டோபர் இரண்டு. பீற்றர்பரோ வேலை செப்டம்பர் முப்பதோடு போய்விடும்.

"ஒரு ரெண்டு நாள் பொறுக்கமாட்டினமோ?" என்று கேட்டேன்.

"பொறுக்காட்டி அது உனக்கு விதிச்ச வேலை இல்லையெண்டு நினை" என்றாள், கவினுக்குச் சட்டை மாற்றிக்கொண்டே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயில் தேர். சரியான வெயில், சரியான சனம். அத்தான் அன்னதானத்துக்கு உதவ நின்றுவிட்டார், அதனால் வீட்டுக்கு வரும்போது நான் முன்சீட்டில் இருந்தேன். நாலு வருடத்தில் அக்காவோடு முன்சீட்டில் நான் சும்மா இருந்து வந்தது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். என் இடம் எப்போதும் பின்னுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில். ரோட்டைப் பார்க்க எங்கே நேரம்.

கோப்பிக்கடைச் சந்தி வந்தது. கவின் கத்திக்கொண்டிருந்தான். அக்கா இடம் திரும்பினாள். கார் சின்னதாக, அழகாக வளைந்து நடுக்கோட்டை ஒட்டின லேனுக்குள் போய் நின்றது. ஓர லேன் பக்கம் ஸ்டியரிங் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, ஓரத்தைப் பிடிக்கேல்லையே" என்றேன்.

அக்கா பின்கண்ணாடியில் கவினைப் பார்த்தாள். "கவின் கத்துற கத்தில ஆர் அதெல்லாம் பாக்கிறது" என்றாள்.

வீட்டுக்கு முன்னால் இன்னொரு இடத் திருப்பம். அங்கேயும் நடுக்கோட்டு லேன்தான். அப்போது கவின் நித்திரை.

வருடக்கணக்காக ஓடினவர்களுக்கு வேறு விதியாக்கும். மோதகம் நாலு மிஞ்சினது, ஃபிரிட்ஜில் வைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

அக்கா ஒஃபீஸ் போகத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். காற்று வாங்கத்தான் போனேன், வேறொன்றுக்குமில்லை. கால் தன் பாட்டில் கோப்பிக்கடைக்குப் போனது. ஆரணிக்கு ஒரு டோனட் வாங்கிக் கொடுத்து யன்னலோரம் இருத்தினேன். கவின் தள்ளுவண்டியில் தூங்கினான்.

இருந்து பார்த்தேன். கார்கள் வந்தன, நின்றன, இடம் திரும்பின. ஒரு கிழவர், மூக்கு ஸ்டியரிங்கில் முட்டுகிற மாதிரி இருந்து ஓடுகிறவர், நடுக்கோட்டு லேன். ஒரு லொறி, நடுக்கோட்டு லேன். பழகுகிற கார் ஒன்று, மேலே பலகை வைத்தது, நடுங்கி நடுங்கித் திரும்பினது, அதுவும் நடுக்கோட்டு லேன். எதிர்ப்பக்கம் இருந்து வலம் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் ஓர லேனுக்குள் போனார்கள். ஒருவருக்கும் ஒருவர் இடைஞ்சல் இல்லை. அவரவர் லேன் அவரவருக்கு. மே மாதம் நான் தமிழில் ஏசினவன் தன் லேனுக்குள் வந்திருக்கிறான். நான்தான் அவன்மேல் போயிருக்கிறேன்.

பீட்சா கொண்டுபோகிற ஒரு பொடியன் மட்டும் ஓர லேனுக்கு இழுத்தான். இரண்டு பேர் ஹோர்ன் அடித்தார்கள்.

"சித்தி, ஏன் அழுறீங்கள்?" என்று ஆரணி கேட்டாள். கோப்பி சுட்டுப்போட்டுது என்றேன். நான் கோப்பி வாங்கவே இல்லை.

அக்காவுக்கும் பிழையாகத் தெரிந்திருக்கலாம். மனுசருக்குப் பிழை வராதா?

செப்டம்பர் 6, சனி

நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெனிற்றாவின் காரில் ஏறினேன். அக்காவுக்கு நான் சொன்ன முதல் பொய்.

ஜெனிற்றா நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். சூயிங்கம் சப்பிக்கொண்டே கதைக்கிறாள். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாள். "நல்ல கை" என்றாள். பிறகு ஒரு பெரிய சந்தியில் இடம் திரும்பச் சொன்னாள். நான் இழுத்தேன், ஓரத்துக்கு. அவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள்.

"தங்கச்சி, ஆர் உங்களுக்கு இப்பிடிப் பழக்கினது?"

"நானாத்தான் பழகினனான்" என்றேன். இரண்டாவது பொய்.

"இடம் திரும்பினா நடுக்கோட்டு லேன். வலம் திரும்பினா ஓர லேன். கிட்ட இருக்கிறதுக்குள்ள போறது, அவ்வளவுதான். திரும்புற லேன் ரெண்டு இருந்தா, எதில நிக்கிறீங்களோ அதிலயே வளைஞ்சு போகவேணும். ஊரில ஓடினவைக்கு முதல் நாள் இந்தப் பிழை வாறதுதான். ரெண்டாம் நாள் இருக்காது. ஆரும் ஒருக்காச் சொன்னாப் போதும்."

ஜெனிற்றா ஒருக்காச் சொன்னாள் எனக்கு. ஒன்பது மணிக்குத் தொடங்கி பத்தரைக்குள் பிழை போய்விட்டது. நாலு மாதம் ஓடின பிழை.

ஒக்டோபர் இரண்டுக்கு முதல் சோதனைக்கு இடம் இருக்குமா என்று கேட்டேன். ஜெனிற்றா சிக்னலில் நின்றபடியே ஃபோனைத் தட்டினாள். "பதினெட்டாம் திகதி இருக்கு. இருபத்திரண்டும் இருக்கு. எது வேணும்?"

பதினெட்டு என்றேன். செப்டம்பரில் இடமே இல்லை என்று அக்கா சொன்னதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

மழை பிடித்துவிட்டது. நூலகத்தில் விடச் சொன்னேன், அவள் கேட்கவில்லை, வீட்டு ரோட்டு முடக்குவரை கொண்டுவந்தாள். முடக்கில் நிறுத்திவிட்டு, நான் காட்டின வீட்டை எட்டிப் பார்த்தாள்.

"உது குமுதினியின்ர வீடெல்லோ?"

தெரியுமோ என்று கேட்டேன்.

"தெரியுமோவோ? அவவுக்கு நான்தான் பழக்கினது. லேனுக்குள்ள போறதெண்டா அவவை மாதிரி வரவேணும், கோடு கீறின மாதிரிப் போவா. அவவைப் பக்கத்தில வைச்சுக்கொண்டே நீங்கள் தனியப் பழகினீங்கள்?"

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். மெதுவாகத்தான் சாத்தினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்றும் எழுத வரவில்லை. வெங்காயம் உரித்தேன். அக்கா ஒஃபீசால் வந்து, "களைச்சுப்போனாய் போல, விடு நான் செய்யிறன்" என்று கத்தியை வாங்கினாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அம்மை போட்டபோது நீவிவிட்ட கை அது.

செப்டம்பர் 13, சனி

அக்கா தானாகவே, "வா, ஓடிப் பாப்பம், ஒக்டோபர் வந்திடும்" என்று கூப்பிட்டாள். நான் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன். அக்காவுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்க்க வேண்டும், கடைசித் தரம்.

கோப்பிக்கடைச் சந்தியில் வேண்டுமென்றே ஓரத்துக்கு இழுத்தேன். பிழை என்று தெரிந்துகொண்டு செய்வது எவ்வளவு கஷ்டம். பின்னால் ஹோர்ன் அடித்தது. கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். நேரே கேட்டேன்.

"அக்கா, வடிவாச் சொல்லுங்கோ. இடம் திரும்பேக்க இந்த லேன் சரியோ? ரெண்டு தரம் ஃபெயில் ஆகிட்டன். இனியும் ஆகினா எனக்கு அந்த வேலை இல்லை. சரியோ?"

அக்கா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்கோ அக்கா. பிழையெண்டு சொல்லுங்கோ. எனக்குத் தெரியாமப் போச்சுதடி எண்டாவது சொல்லுங்கோ, நான் நம்புறன்.

"சரிதான். அப்பிடியே செய்" என்றாள்.

பிறகு என் நெற்றியில் விழுந்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

வீட்டுக்கு எப்படி ஓடி வந்தேன் என்று தெரியவில்லை. என் கூடப்பிறந்தவள். வெளியே ஆரும் செய்திருந்தால் நாசமாய்ப் போ என்று ஏசியிருப்பேன். இவளை என்னவென்று ஏசுவது?

செப்டம்பர் 18, வியாழன்

பாஸ்.

வியாழன் என்றால் அத்தான் வீட்டில் இருந்து வேலை செய்வார். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி, சோதனைக்குப் போகிறேன் என்று உண்மையே சொன்னேன்.

"போயிட்டு வாரும்" என்றார். வாசல்வரை வந்தார். "நான் முதலே சொல்லியிருக்க வேணும், வதனி."

"ஓம் அத்தான். சொல்லியிருக்க வேணும்" என்றேன். அதற்கு மேல் அவருக்கு இரக்கப்பட எனக்கு நேரமில்லை.

அதே கண்ணாடிக்காரிதான் சோதனைக்காரி. அதே இரண்டாவது சந்தி. நடுக்கோட்டு லேனுக்குள் கார் போனபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் சிரித்தாள். ஜெனிற்றா என்னைக் கட்டிப்பிடித்தாள், சூயிங்கம் வாசத்தோடு. பீற்றர்பரோவுக்கு ஃபோன் பண்ணினேன். முப்பதாம் திகதிக்கு முதல் வரச் சொன்னார்கள்.

இந்த நாளுக்காக எவ்வளவு காத்திருந்தேன். சந்தோசம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல முடியாத சந்தோசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலை அக்காவைத் தமிழ்க்கடைக்குக் கூட்டிப்போனேன். நான்தான் ஓடினேன். சந்தியில் சிக்னல் போட்டேன்.

"ஓரத்தைப் பிடி" என்றாள், கீரைக்கட்டு வாங்க வேணும் என்று சொல்கிற மாதிரி.

நடுக்கோட்டு லேனுக்குள் போனேன். சின்னதாக, அவளைப் போலவே.

கடை வாசலுக்கு வந்தோம். எஞ்சினை நிறுத்தின பிறகு கேட்டாள்.

"ஆர் சொன்னது?"

பிழையாப் போறாய் என்று சொல்லவில்லை. என்னடி செய்தனி என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுதான். எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில், அக்காவுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று இன்னமும் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. அது அப்போதுதான் செத்தது.

"ஜெனிற்றா. உங்களுக்குப் பழக்கின அதே ஜெனிற்றா. நேற்று பாஸ் பண்ணிட்டன்."

அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"முதல் நாள் நான் வேணுமெண்டு செய்யேல்லை, வதனி. நீ பயந்துகொண்டிருந்தாய். ஊர் மாதிரிச் சொன்னாக் கை வரும் எண்டு சொன்னன். பேந்து திருத்துவம் எண்டுதான் நினைச்சனான். நீ முதல்தரம் ஃபெயிலாகி வந்து அழுதாய். எனக்கும் அழுகை வந்திருக்க வேணும். வரேல்லை. நிம்மதியா இருந்தது. அதுக்குப் பிறகு திருத்த எனக்கு வாய் வரேல்லை."

"சோதினைக்காரர் ரெண்டு பேரும் உங்களுக்கு இதைத்தானே சொன்னவை?"

"ஓம்."

"செப்டம்பரில இடம் இருந்ததுதானே?"

அக்கா கடை வாசலைப் பார்த்தாள்.

"ஏனக்கா என்னட்டைக் கேக்கேல்லை? பிள்ளையளைப் பாக்க ஆளில்லை, நில்லடி எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நிண்டிருப்பனே. ஒரு வருசமெண்டாலும் நிண்டிருப்பனே."

"தெரியும்" என்றாள் அக்கா. இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டா நிப்பாய் எண்டு தெரியும். கேட்டிருந்தா அது நீ எனக்குச் செய்த உதவியாப் போயிருக்கும். இவ்வளவு காலமும் உனக்குச் செய்தது நான்தானே."

ஏமாற்றினதைக்கூட நான் ஒரு நாள் மறந்துவிடுவேன். இதை எப்படி மறப்பது? நாலு வருடமாக நான் அவித்த புட்டும், நித்திரை முழித்துத் தூக்கின பிள்ளையும் அவளுக்கு உதவியாகவே தெரியவில்லை. என்னை நன்றிக்கடனோடு வைத்திருக்க வேண்டும், அதற்காக என்னைத் தோற்க விட்டிருக்கிறாள். அழவில்லை நான். எனக்கு ஆத்திரம், நெருப்பு மாதிரி. சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பீற்றர்பரோ. அறை சின்னது, நிலத்துக்கு அடியில் இருக்கிற கீழ்வீடு. வெளிச்சம் காணாது. கதவுக்குச் சாவி என்னிடம்.

ஆரணி ஃபோனில், "சித்தி, ஆர் எனக்குத் தலை பின்னுறது?" என்று கேட்டாள். அம்மா பின்னுவா என்றேன். அம்மா இழுத்து இழுத்துப் பின்னுகிறாளாம், நோகுதாம். ஃபோனை வைத்துவிட்டுக் கட்டிலில் கனநேரம் இருந்தேன்.

ஒக்டோபர் 22, புதன்

இன்று எட்டு வீடு. எல்லாத் திருப்பமும் சரியாகத்தான் திரும்பினேன். ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் அக்காவின் குரல் காதுக்குள் கேட்கிறது, ஓரத்தைப் பிடி என்று. வாயைப் பொத்து என்று சத்தமாகச் சொல்கிறேன். காரில் வேறு ஒருவரும் இல்லை, அது வசதி.

நவம்பர் 23, ஞாயிறு

இரவு அக்கா ஃபோன் எடுத்தாள். நான் போனபிறகு அவளாக எடுத்தது இதுதான் முதல் தரம்.

கவினுக்கு அம்மைக் கொப்புளமாம். காப்பகத்தில் எடுக்கமாட்டார்களாம். அத்தான் வேலை விசயமாகக் கல்கரி போய்விட்டாராம். அக்காவுக்கு இந்தக் கிழமை லீவு எடுக்க முடியாதாம்.

"ஒரு கிழமை வந்து நிப்பியோ, வதனி?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கேக்கிறன், கண்டியோ. உன்னட்டைக் கேக்கிறன்" என்றாள்.

அவளுக்கு அந்தச் சொல் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது என்று எனக்குத் தெரியும். கவினின் அழுகை பின்னால் கேட்டது. என் உடம்பு முழுக்கப் போ போ என்றது.

"கேட்டது சந்தோசம், அக்கா. என்னால வர ஏலாது."

எனக்கு வேலை இருப்பது உண்மை. லீவு கேட்டால் தருவார்கள் என்பதும் உண்மை.

அக்கா கோபிக்கவில்லை. சரி என்றாள். வைக்கப் போகும்போது, "உங்கால பனி கொட்டத் துவங்கியிருக்கும், நாளைக்குப் பாத்து ஓடு" என்றாள். அது உள்ளத்தில் இருந்து வந்த அக்கறைதான். அவளுடைய அக்கறை எப்போதுமே பொய்யாக இருந்ததில்லை.

ஃபோனை வைத்தேன். பிறகு எழும்பிப் போய், யன்னல் சீலையை விலக்கி, பனி கொட்டுகிறதா என்று பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான். கொட்டிக்கொண்டிருந்தது.